‘கவனக்குறைவு’ என்னும் விளக்கமும் தொழிலகப் பாதுகாப்பும்: ஒரு வரலாற்று நோக்கு (1837–1987)

ஆய்வுச்சுருக்கம்

தொழிலக விபத்துகளுக்குத் தொழிலாளியின் கவனக்குறைவே முதன்மைக் காரணம் என்னும் விளக்கம் ஒன்றரை நூற்றாண்டுக் காலம் சட்டத்திலும் மேலாண்மையிலும் செல்வாக்குடன் விளங்கியது. இங்கிலாந்தில் தோன்றி, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வளர்ந்து, இந்தியத் தொழிற்சட்டங்களிலும் தடம் பதித்த அவ்விளக்கத்தின் வரலாற்றை 1837 முதல் 1987 வரையிலான காலப்பகுதியில் இக்கட்டுரை ஆராய்கிறது. விபத்தின் இழப்பைத் தொழிலாளியே சுமந்த காலத்தில் அவனது நடத்தை பற்றிய அறிவுரைகள் பெரும்பயன் தரவில்லை. இழப்பு முதலாளியின் கணக்கில் ஏறிய பின்னரே நடத்தையைச் செம்மைப்படுத்தும் ஒழுங்கான முயற்சிகள் தோன்றின. வேலைச்சூழலை மாற்றும் அதிகாரமும் இழப்பைச் சுமக்கும் பொறுப்பும் ஓரிடத்தில் சேரும்போதும், தொழிலாளி தண்டனைக்கு அஞ்சாமல் பேச இயலும்போதுமே பாதுகாப்பான நடத்தை நிலைபெறுகிறது என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: தொழிலக விபத்து, கவனக்குறைவு, தொழிலாளர் நடத்தை, இழப்பீட்டுச் சட்டம், ‘முதலில் பாதுகாப்பு’ இயக்கம், ஹைன்ரிக், தொழிற்சாலைகள் சட்டம்.

முன்னுரை

தொழிற்சாலை வாயில்களில் பாதுகாப்பை வலியுறுத்தும் பலகைகள் இன்று பரவலாகக் காணப்படுகின்றன. தலைக்கவசம் அணிதல், ஓடும் பொறியைத் தொடாதிருத்தல் முதலிய அறிவுறுத்தல்கள் அவற்றில் இடம்பெறுகின்றன. அவை பெரும்பாலும் தொழிலாளியை நோக்கியே பேசுகின்றன. விபத்து நிகழ்ந்தபின் எழுதப்படும் அறிக்கைகளிலும் ‘கவனக்குறைவு’, ‘அஜாக்கிரதை’ என்னும் சொற்கள் முதலில் வந்து நிற்பதுண்டு. இச்சொற்கள் நிகழ்வை விவரிப்பனபோல் தோன்றினாலும், உண்மையில் அவை ஒரு தீர்ப்பை வழங்குகின்றன. விபத்துக்கு யார் பொறுப்பு, அதன் இழப்பு யாரைச் சேரும் என்னும் வினாக்களுக்கு அவற்றுள் விடை அடங்கியிருக்கிறது.

தொழிலாளரின் நடத்தை விபத்துத் தடுப்பில் முக்கியமானது என்பதில் ஐயமில்லை. ஆனால், அந்நடத்தையைச் செம்மைப்படுத்தும் வழி எது என்பதில் வெவ்வேறு காலங்கள் வெவ்வேறு விடைகளைக் கண்டன. இழப்பே மனிதனுக்கு எச்சரிக்கையைக் கற்பிக்கும் என்றது ஒரு காலம். அறிவுரையும் விளம்பரமும் போதும் என்றது மற்றொரு காலம். பழக்கத்தை அளந்து பாராட்டி வளர்க்கலாம் என்றது பிறிதொரு காலம். இவ்விடைகள் எந்தச் சூழலில் எழுந்தன, நடைமுறையில் எவ்வாறு சோதிக்கப்பட்டன என்பதைக் கால வரிசையில் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இழப்பே ஆசான் என்ற நீதிமன்றக் கோட்பாடு

1837இல் இங்கிலாந்தின் எக்ஸ்செக்கர் நீதிமன்றம் வழங்கிய பிரீஸ்ட்லி எதிர் ஃபவுலர் தீர்ப்பு இவ்வரலாற்றின் தொடக்கப் புள்ளியாகக் கொள்ளத்தக்கது. ஓர் இறைச்சி வணிகரின் வண்டியில் அளவுக்கு மீறிச் சரக்கு ஏற்றப்பட்டிருந்தது. வண்டி முறிந்ததில் அவரிடம் பணிபுரிந்த இளைஞரின் தொடையெலும்பு முறிந்தது. நடுவர் குழு 100 பவுண்டு இழப்பீடு வழங்கியது. மேல்விசாரணையில் தலைமை நீதிபதி அபிங்கர் பிரபு அதனை ஏற்கவில்லை. ஆபத்து எனத் தோன்றும் பணியை மறுக்கும் உரிமை பணியாளனுக்கு உண்டு என்றும், இத்தகைய வழக்குகளை அனுமதித்தால் பணியாளர் தம் கடமையான எச்சரிக்கையைக் கைவிட அது ஊக்கமளிக்கும் என்றும் அவர் கருதினார்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில உச்ச நீதிமன்றம் 1842இல் ஃபார்வெல் வழக்கில் இக்கருத்தை மேலும் விரித்தது. இருப்புப்பாதைத் தடத்தை மாற்றிவிடும் பணியாளர் செய்த பிழையால் ரயில் பொறியோட்டி ஒருவர் தம் கையை இழந்தார். அவர் நாளொன்றுக்கு 2 டாலர் ஊதியம் பெற்றவர். ஆபத்துக்கான ஈடு ஊதியத்திலேயே அடங்கியுள்ளது என்றார் தலைமை நீதிபதி லெமுவல் ஷா. உடன் பணிபுரிவோர் ஒருவரையொருவர் கண்காணிக்க வல்லவர்கள். எனவே, இழப்பு அவர்களைச் சேர்ந்தால் அனைவரின் பாதுகாப்பும் மேம்படும் என்றும் அவர் வாதிட்டார்.

இவ்விரு தீர்ப்புகளும் இழப்பீட்டை மறுத்தவை என்ற அளவிலேயே பெரிதும் பேசப்படுகின்றன. ஆயினும், அவற்றுள் நடத்தை பற்றிய ஒரு கோட்பாடும் உள்ளது. துன்பத்தின் சுமை தொழிலாளியிடம் இருந்தால் அவன் எச்சரிக்கையாக இருப்பான் என்பதே அது. பின்னர் உருப்பெற்ற மூன்று சட்டத் தற்காப்புகள் இக்கோட்பாட்டைச் சார்ந்தே நின்றன. உடன் பணியாளர் செய்த பிழைக்கு முதலாளி பொறுப்பல்லர் என்பது முதலாவது. பணியில் சேர்ந்தபோதே தொழிலாளி ஆபத்தை ஏற்றுக்கொண்டான் என்பது இரண்டாவது. தொழிலாளியின் பிழை சிறிதளவு கலந்திருந்தாலும் அவனுக்கு ஈடு இல்லை என்பது மூன்றாவது. கற்பித்தல் முறையாக நோக்கின், அடுத்து வந்த அரை நூற்றாண்டு இக்கோட்பாட்டைச் சோதித்த காலமாக அமைந்தது.

ஆலைகளின் காப்புவேலிச் சர்ச்சை

பிரிட்டனின் 1844ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் நெசவாலைப் பொறிகளின் ஆபத்தான பகுதிகளுக்குக் காப்புவேலி அமைக்குமாறு பணித்தது. ஓடிக்கொண்டிருக்கும் பொறியமைப்பைச் சிறுவரும் பெண்களும் துப்புரவு செய்வதற்கு அது தடை விதித்தது. தலைக்கு மேலே சுழலும் தண்டுகளுக்கும் வேலி வேண்டுமா என்பதில் ஆலை உரிமையாளருக்கும் அரசு ஆய்வாளருக்கும் பிணக்கு மூண்டது. தரையிலிருந்து 7 அடிக்கு மேல் உள்ள தண்டு எச்சரிக்கையான தொழிலாளியை எட்டாது என்றும், எட்டினால் அது அவனது அசட்டையே என்றும் உரிமையாளர் தரப்பு வாதிட்டது. கழன்ற பட்டையை மீண்டும் மாட்டவும், தண்டுக்கு அருகே எண்ணெய் இடவும், சுவருக்கு வெள்ளையடிக்கவும் மனிதர்கள் ஏணியில் ஏறவேண்டியிருந்தது. தளர்ந்த ஆடையைத் தண்டு பற்றிக்கொண்டால் உடலையும் சேர்த்துச் சுழற்றியது.

ஆய்வாளர் லியோனார்ட் ஹார்னர் சட்டத்தை உறுதியுடன் செயற்படுத்த முனைந்தார். அதனை எதிர்த்து 1855இல் ஆலை உரிமையாளர் சங்கம் ஒன்று உருவாயிற்று. சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய ‘ஹவுஸ்ஹோல்டு வேர்ட்ஸ்’ இதழில் ஹென்றி மார்லி எழுதிய கட்டுரைகள் தொழிலாளர் பக்கம் நின்றன. ஹாரியட் மார்ட்டினோ உரிமையாளர் தரப்புக்காக எழுதினார். 1856இல் இயற்றப்பட்ட சட்டம் வேலிக் கடமையைத் தளர்த்தியது. பெண்களும் சிறுவரும் வழக்கமான வேலையில் தொட நேரும் பகுதிகளுக்கு மட்டும் வேலி போதும் என்று அது வரையறுத்தது. பாதுகாப்பின் பொறுப்பு பொறியிலிருந்து மனிதனின் கவனத்திற்கு இடம்பெயர்ந்ததற்கு இச்சட்டம் தெளிவான சான்றாகும்.

இருப்புப்பாதை: மாறியது பழக்கமா, பொறியா?

நீதிமன்றக் கோட்பாட்டின் வலுவை அறிய அமெரிக்க இருப்புப்பாதைகளே சிறந்த களமாகும். அங்குச் சரக்குப் பெட்டிகளை இணைக்க ஒரு வளையமும் ஓர் ஆணியும் பயன்பட்டன. நெருங்கிவரும் இரு பெட்டிகளின் நடுவே பிரேக்மேன் நின்று, வளையத்தைக் கையால் நேர்ப்படுத்தி ஆணியைச் செருக வேண்டும். நொடிப்பொழுது தாமதித்தால் விரல்களோ கையோ நசுங்கும். கால் இடறினால் உயிரே போகும். விரல் இழந்திருப்பது அப்பணியில் பழக்கமுள்ளவன் என்பதற்கு அடையாளமாகக் கருதப்பட்டதாக இருப்புப்பாதை வரலாறுகள் குறிப்பிடுகின்றன.

ஓடும் பெட்டிகளின் நடுவே செல்லலாகாது என்னும் விதி பல நிறுவனங்களின் விதிநூல்களில் இருந்தது. விதியை அறிந்ததாகத் தொழிலாளரிடம் கையொப்பமும் பெறப்பட்டது. ஆனால், விதிப்படி நின்று வேலை செய்தால் வண்டி குறித்த நேரத்தில் புறப்படாது. காலதாமதத்துக்கு மேற்பார்வையாளரின் கண்டனம் காத்திருந்தது. விதி ஒன்றைச் சொல்ல, வேலையின் வேகம் மற்றொன்றைக் கட்டாயப்படுத்தியது. விபத்து நேர்ந்தால் மட்டும் விதிநூல் நீதிமன்றத்துக்கு வந்தது. கையையும் உயிரையும் இழக்கும் அச்சத்தைவிட வலிய பாடம் வேறில்லை. அந்த அச்சமும் இவ்விபத்துகளைத் தடுத்து நிறுத்தவில்லை.

மனிதன் நடுவே செல்லாமலேயே பெட்டிகள் தாமாகப் பிணைந்துகொள்ளும் இணைப்புக்கு ஈலை ஜானி 1873இல் காப்புரிமை பெற்றார். ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸின் காற்று பிரேக் 1869 முதலே அறியப்பட்டிருந்தது. செலவைக் காட்டி நிறுவனங்கள் சரக்கு வண்டிகளில் இவற்றைப் பொருத்தத் தயங்கின. அயோவா மாநிலத்தின் லொரென்சோ காஃபின் பல்லாண்டுகள் பரப்புரை செய்தார். 1893 மார்ச் 2 அன்று குடியரசுத் தலைவர் பெஞ்சமின் ஹாரிசன் பாதுகாப்புக் கருவிகள் சட்டத்தில் கையொப்பமிட்டார். நிறுவனங்களுக்கு அளிக்கப்பட்ட கால நீட்டிப்பு 1900இல் முடிந்தது. அதன்பின் பெட்டி இணைப்பில் நேர்ந்த இறப்புகளும் காயங்களும் பெருமளவு குறைந்தன. பிரேக்மேன்களின் இயல்பு அந்த ஏழாண்டுகளில் மாறிவிடவில்லை. அவர்கள் நின்ற இடம் மாறியது.

பிட்ஸ்பர்க்: ‘கவனக்குறைவு’ பகுத்தாராயப்பட்டது

எஃகு நகரமான பிட்ஸ்பர்க்கில் 1907–08இல் நடந்த சமூக ஆய்வின் ஒரு பகுதியாக, கிரிஸ்டல் ஈஸ்ட்மன் தொழில் விபத்துகளை ஆராய்ந்தார். சட்டம் பயின்ற அவர், பிட்ஸ்பர்க்கை உள்ளடக்கிய அலெகெனி மாவட்டத்தில் 1906 ஜூலை 1 முதல் 1907 ஜூன் 30 வரை பணியின்போது இறந்த 526 பேரின் நிகழ்வுகளைத் தொகுத்தார். அவர்களுள் 195 பேர் எஃகு ஆலைத் தொழிலாளர். 125 பேர் இருப்புப்பாதைப் பணியாளர். 71 பேர் சுரங்கத் தொழிலாளர். எஞ்சிய 135 பேர் பிற தொழில்களைச் சேர்ந்தோர். இவ்வாய்வு 1910இல் நூலாக வெளிவந்தது.

விபத்துகளில் பெரும்பாலானவை தொழிலாளரின் அசட்டையால் நேர்வன என்று மேற்பார்வையாளர்கள் கூறிவந்தனர். ஈஸ்ட்மன் அக்கூற்றை ஒதுக்கித் தள்ளவில்லை. நிகழ்வு நிகழ்வாகப் பிரித்துப் பார்த்தார். இறந்தவரின் பிழை எனத் தோன்றியவற்றுள் சில, வேலை இன்னதென்று அறியாத புதியவர்களுடையவை. சில, பதின்பருவத்துச் சிறுவர்களுடையவை. நீண்ட வேலைநேரத்தின் களைப்பும் பேரிரைச்சலும் வேகமும் எவருடைய கவனத்தையும் மழுங்கச் செய்வன. ஆபத்தை நாள்தோறும் எதிர்கொள்பவன் அதனைப் பொருட்படுத்தாத மனநிலையை அடைவது அத்தொழிலே உண்டாக்கும் இயல்பு எனவும் அவர் எடுத்துக்காட்டினார். இவ்வாறு பகுத்தபின், ‘கவனக்குறைவு’ என்பது காரணமாக நிற்காமல், காரணம் தேடவேண்டிய விளைவாக மாறியது.

இழப்பு யாரைச் சேர்ந்தது என்பதற்கும் அவர் விடை கண்டார். மணமான தொழிலாளர் இறந்த குடும்பங்களில் பாதிக்கும் மேற்பட்டவை பெற்ற ஈட்டுத்தொகை 100 டாலரைத் தாண்டவில்லை. ஒன்றும் பெறாத குடும்பங்களும் அவற்றுள் அடங்கும். விபத்தைத் தடுக்கும் பொருளியல் தூண்டுதல் நிறுவனங்களுக்கு எவ்வளவு குறைவாக இருந்தது என்பதை இத்தொகை காட்டுகிறது.

இழப்பீட்டுச் சட்டமும் ‘முதலில் பாதுகாப்பு’ இயக்கமும்

யாருடைய பிழை என்று பாராமல் பணி விபத்துக்கு ஈடு வழங்கும் முறையை ஜெர்மனி 1884இலும் பிரிட்டன் 1897இலும் ஏற்றிருந்தன. அமெரிக்காவில் 1908ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம் இருப்புப்பாதை நிறுவனங்களின் பழைய தற்காப்புகளைப் பெருமளவு அகற்றியது. தொழிலாளியின் பிழை கலந்திருந்தால் ஈடு குறையலாமேயன்றி மறுக்கப்படாது என்றாயிற்று. நியூயார்க் மாநிலத்தின் இழப்பீட்டுச் சட்டத்தை அம்மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் 1911 மார்ச் 24 அன்று செல்லாததாக்கியது. மறுநாள், அந்நகரின் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் மூண்ட தீயில் 146 பேர் மாண்டனர். அங்கு வெளியேறும் கதவுகளுள் ஒன்று பூட்டப்பட்டிருந்தது. அதே ஆண்டில் விஸ்கான்சின் மாநிலத்தில் நடைமுறைக்கு வந்த சட்டத்தைத் தொடர்ந்து பிற மாநிலங்களும் இழப்பீட்டு முறையை ஏற்கத் தொடங்கின.

‘முதலில் பாதுகாப்பு’ என்னும் முழக்கம் அமெரிக்கத் தொழிலகங்களில் பரவிய காலமும் இதுவே. சிகாகோ–நார்த் வெஸ்டர்ன் இருப்புப்பாதையில் இழப்பீட்டுக் கோரிக்கைகளைக் கவனித்த அலுவலர் ரால்ஃப் ரிச்சர்ட்ஸ், 1910இல் தொழிலாளரையும் உறுப்பினராகக் கொண்ட பாதுகாப்புக் குழுக்களை அமைத்தார். விபத்தின் செலவை நாள்தோறும் கணக்கிட்டவரே விபத்துத் தடுப்பின் முன்னோடியானது தற்செயலன்று. 1912இல் மில்வாக்கியில் பாதுகாப்பு மாநாடு கூடியது. 1913இல் தேசியப் பாதுகாப்புக் குழுமமாகப் பின்னர் அறியப்பட்ட அமைப்பு தோன்றியது. சுவரொட்டிகள், துறைகளுக்கிடையேயான போட்டிகள், விபத்தில்லா நாட்களுக்கான பரிசுகள் முதலியன பரவலாயின.

இவ்வியக்கத்தின் தலைவர்களும் தொழிலாளரின் அசட்டையைக் குறித்தே மிகுதியாகப் பேசினர். ஆயினும், அவர்கள் அமைத்த குழுக்கள் நடைமுறையில் வேறொரு பணியையும் செய்தன. உடைந்த படி, மூடப்படாத குழி, வெளிச்சமற்ற பணியிடம் ஆகியவற்றை அறிந்திருந்த தொழிலாளி அவற்றை மேலிடத்துக்குத் தெரிவிக்க ஒரு வாயில் கிடைத்தது. தெரிவித்தது சீராக்கப்பட்ட இடங்களில் அறிவுரைக்கும் மதிப்பு உண்டாயிற்று. அபிங்கர், ஷா ஆகியோரின் கோட்பாடு இங்குத் தலைகீழானது. இழப்பின் சுமை தொழிலாளியிடமிருந்து நீங்கியபின் அவன் எச்சரிக்கையைக் கைவிடவில்லை. முதலாளியும் எச்சரிக்கை கொள்ளத் தொடங்கினார்.

போர்க்கால ஆய்வுகள்: களைப்பும் நடத்தையும்

முதல் உலகப் போர் பிரிட்டனின் படைக்கல ஆலைகளில் வேலைநேரத்தை மிகுவித்தது. 1915இல் அமைக்கப்பட்ட படைக்கலத் தொழிலாளர் நலக் குழுவுக்காக ஹெச். எம். வெர்னன் விபத்துப் பதிவுகளை ஆராய்ந்தார. எறிகுண்டுகளின் பற்றவைப்பு உறுப்புகளைச் செய்த ஓர் ஆலையில், பெண்கள் நாளொன்றுக்கு 12 மணிநேரம் உழைத்த காலத்து விபத்துகள், பின்னர் 10 மணிநேரமாகக் குறைக்கப்பட்ட காலத்தைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு மிகுதியாக இருந்தன. ஆலை அதுவே, வேலையும் அதுவே. வேலைநேரம் குறைந்தபோது ‘கவனக்குறைவும்’ குறைந்தது.

இதே காலத்தில் எதிர்த்திசையிலும் ஓர் ஆய்வு நிகழ்ந்தது. மேஜர் கிரீன்வுட், ஹில்டா உட்ஸ் ஆகியோர் 1919இல் வெளியிட்ட அறிக்கை, விபத்துகள் எல்லாத் தொழிலாளரிடமும் சமமாகப் பரவாமல் சிலரிடம் மிகுதியாகக் குவிவதைப் புள்ளியியல் முறையில் காட்டியது. இதிலிருந்து ‘விபத்துக்கு ஆட்படும் இயல்பினர்’ என்னும் கருத்து 1920களில் உருப்பெற்றது. அத்தகையோரை முன்னரே கண்டறிந்து விலக்கினால் விபத்து குறையும் என்ற நம்பிக்கையும் அதனோடு வளர்ந்தது. அவரவர் பணிகளின் ஆபத்து அளவு ஒன்றாக இருந்ததா என்னும் அடிப்படை வினா இந்நம்பிக்கையில் பெரும்பாலும் மறக்கப்பட்டது. சட்டத்திலிருந்து வெளியேறிய ‘அசட்டைத் தொழிலாளி’ உளவியலின் வழியே மீண்டும் உள்ளே வந்தான் எனலாம்.

ஹைன்ரிக்கின் கணக்கு

ஹெர்பர்ட் வில்லியம் ஹைன்ரிக் டிராவலர்ஸ் காப்பீட்டு நிறுவனத்தில் பணிபுரிந்தவர். 1931இல் அவர் எழுதிய தொழிலக விபத்துத் தடுப்பு நூல் பல பதிப்புகளைக் கண்டு, இத்துறையின் பாடநூலாக விளங்கியது. 75,000 விபத்துப் பதிவுகளை ஆராய்ந்து, அவற்றில் 88 விழுக்காடு பாதுகாப்பற்ற செயல்களாலும், 10 விழுக்காடு பாதுகாப்பற்ற சூழலாலும் நேர்ந்தவை என்றும், 2 விழுக்காடு தவிர்க்க இயலாதவை என்றும் அவர் வகுத்தார். ஒரு பெருங்காயத்துக்குப் பின்னே 29 சிறு காயங்களும், காயமின்றித் தப்பிய 300 நிகழ்வுகளும் உள்ளன என்ற விகிதமும் அவருடையதே. காயமில்லா நிகழ்வுகளையும் கவனிக்கவேண்டும் என்ற அவரது அறிவுரை இன்றும் பயனுடையது.

88 விழுக்காடு என்னும் எண்ணே நூலின் பிற பகுதிகளைவிட நெடுந்தொலைவு பரவியது. அதன் ஆதாரத்தை நோக்குவது தேவையாகிறது. அவர் பயன்படுத்தியவை காப்பீட்டுக் கோரிக்கைக் கோப்புகளும் ஆலை உரிமையாளரின் பதிவுகளும் ஆகும். அவற்றுள் பெரும்பான்மை ஆலைகளின் பதிவுகள். விபத்தின் காரணத்தை அங்கு எழுதியோர் பெரும்பாலும் மேற்பார்வையாளர்கள். ஒவ்வொரு விபத்துக்கும் ஒரே காரணத்தைத் தெரிவுசெய்யும் முறையில், கையை நீட்டிய செயல் கண்ணுக்கு எளிதில் புலப்படும். நீட்டவேண்டிய நிலையை உண்டாக்கிய வேலையமைப்பு புலப்படாது. மூலத்தரவுகள் பின்வந்த ஆய்வாளருக்குக் கிடைக்காமையால் அக்கணக்கை மீண்டும் சரிபார்க்கவும் இயலவில்லை. மேலும், பொறிக் காப்பின் முதன்மையை ஹைன்ரிக் தம் நூலில் வலியுறுத்தியுள்ளார். எண் மட்டும் தனியே பயணம் செய்தபோது அவ்வலியுறுத்தல் பின்தங்கிவிட்டது.

நடத்தையை அளத்தல்: 1978ஆம் ஆண்டு ஆய்வு

ஹைன்ரிக்குக்குப் பின் நடத்தை பற்றிய ஆய்வு தண்டனையிலிருந்து ஊக்குவிப்பை நோக்கித் திரும்பியது. ஜூடி கொமாகியும் இருவரும் இணைந்து 1978இல் வெளியிட்ட ஆய்வு இதில் முன்னோடியானது. ரொட்டி முதலிய உணவுப்பொருள் செய்யும் ஆலை ஒன்றின் இரு துறைகளில், பாதுகாப்பான செயல்கள் எவை என்பது முதலில் கண்காணத்தக்க வகையில் வரையறுக்கப்பட்டது. ‘கவனமாக இரு’ என்ற பொது அறிவுரைக்கு மாறாக, எதை எப்படித் தூக்குவது, எதை எங்கே வைப்பது என்னும் அளவில் அவை அமைந்தன. தொழிலாளருக்கு அவை விளக்கப்பட்டன. கவனித்துப் பெற்ற அளவு அனைவரும் காண வரைபடமாக ஒட்டப்பட்டது. சரியாகச் செய்தோரை மேற்பார்வையாளர் பாராட்டினர்.

பாதுகாப்பான செயல்களின் அளவு ஒரு துறையில் ஏறத்தாழ 70 விழுக்காட்டிலிருந்து 96 ஆகவும், மற்றதில் 78 விழுக்காட்டிலிருந்து 99 ஆகவும் உயர்ந்தது. இவ்வேற்பாடு நிறுத்தப்பட்டபோது அளவு மீண்டும் 71, 72 விழுக்காட்டுக்கு இறங்கியது. இவ்வாய்வு இரு செய்திகளைத் தருகிறது. ஒன்று, நடத்தை தனிமனிதனின் பிறவிக்குணம் அன்று. சூழல் அதனை விரைவில் உயர்த்த வல்லது. மற்றொன்று, உயர்த்திய சூழல் நீங்கினால் நடத்தையும் பழைய நிலைக்குத் திரும்பும். ஒரு வாரம் கொண்டாடப்படும் பாதுகாப்பு விழாக்களின் எல்லையை இவ்விறக்கம் புலப்படுத்துகிறது.

எனினும், இம்முறையைப் பின்பற்றும் திட்டங்களில் ஓர் இடர் உண்டு. செயலுக்கு மாறாக விபத்தில்லாமைக்கே பரிசு வழங்கினால், பரிசை இழக்க விரும்பாத குழு சிறு காயங்களை மறைக்கத் தூண்டப்படும். அப்போது குறைவது விபத்து அன்று. விபத்தைப் பற்றிய செய்தியே.

இந்தியச் சட்டங்களில் இவ்வரலாற்றின் தடம்

பிரிட்டிஷ் இழப்பீட்டுச் சட்டங்களின் அடியொற்றி, 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இந்தியாவில் இயற்றப்பட்டு 1924 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பிழை பாராது ஈடு என்னும் கொள்கையை ஏற்றாலும் சில விலக்குகளை அது வைத்திருந்தது. மது அல்லது போதைப்பொருளின் வயப்பட்டிருத்தல், பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறுதல், காப்புக் கருவியை வேண்டுமென்றே அகற்றுதல் ஆகியன அவை. பிற்காலத் திருத்தங்களால், இறப்போ நிரந்தர முழு இயலாமையோ நேரும்போது இவ்விலக்குகள் செல்லாவாயின. ‘கவனக்குறைவு’ வேறு, ‘வேண்டுமென்றே மீறல்’ வேறு என்ற வேறுபாட்டைச் சட்டம் இவ்வாறு வரைந்தது.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் இருவகைக் கடமைகளையும் ஏற்றது. அதன் 21ஆம் பிரிவு பொறிகளுக்குக் காப்புவேலியைக் கட்டாயமாக்கியது. 111ஆம் பிரிவு, பாதுகாப்புக் கருவிகளில் தலையிடலாகாது, தமக்கும் பிறருக்கும் ஆபத்து விளைவிக்கலாகாது எனத் தொழிலாளருக்குக் கடமை விதித்தது. 1966 மார்ச் 4 அன்று இந்தியத் தேசியப் பாதுகாப்புக் குழுமம் நிறுவப்பட்டது. அந்நாள் தேசியப் பாதுகாப்பு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அமெரிக்க இயக்கத்தின் சுவரொட்டியும் உறுதிமொழியும் இந்தியத் தொழிலகங்களிலும் இடம்பெற்றன.

1984 டிசம்பர் 2ஆம் நாள் இரவு போபாலில் நிகழ்ந்த நச்சுவாயுக் கசிவு இவ்விவாதத்தை மிகக் கொடிய வடிவில் மீண்டும் எழுப்பியது. மனக்குறையுற்ற தொழிலாளி ஒருவர் வேண்டுமென்றே கலனுக்குள் நீரைச் செலுத்தினார் என்று யூனியன் கார்பைடு நிறுவனம் வாதிட்டது. அவ்வாதத்தைத் தொழிலாளர் தரப்பு மறுத்தது. நீர் எவ்வாறு புகுந்தது என்பது எவ்வாறாயினும், கலனுக்கான குளிரூட்டும் அமைப்பு அதே ஆண்டின் நடுப்பகுதி முதல் நிறுத்தப்பட்டிருந்தது. வெளியேறும் வாயுவை எரிக்கவேண்டிய கோபுரம் பழுதுநீக்கத்துக்காகத் துண்டிக்கப்பட்டிருந்தது. ஒரு செயலின் விளைவு ஒரு நகரத்தையே அழிக்கும் அளவுக்குப் பெருகியதற்கு அச்செயலை மட்டும் காரணமாக்க இயலாது என்பதற்கு இந்நிலைகள் சான்றாகின்றன.

1987ஆம் ஆண்டுத் திருத்தம் இப்பின்னணியில் வந்தது. 7அ பிரிவு, தொழிலாளரின் உடல்நலத்துக்கும் பாதுகாப்புக்கும் ஆலையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவரின் பொதுக்கடமையை வகுத்தது. ஆபத்தான செயல்முறைகளுக்கெனச் சேர்க்கப்பட்ட புதிய இயலில் 41ஜி பிரிவு, நிர்வாகமும் தொழிலாளரும் சம எண்ணிக்கையில் இடம்பெறும் பாதுகாப்புக் குழுவைக் கட்டாயமாக்கியது. 41ஹெச் பிரிவு, உடனடி ஆபத்தை உணரும் தொழிலாளர் அதனை நிர்வாகத்துக்கும் அதேவேளையில் ஆய்வாளருக்கும் தெரிவிக்கும் உரிமையை அளித்தது. 1837இல் அபிங்கர் பிரபு ஏட்டளவில் குறிப்பிட்ட மறுக்கும் உரிமைக்கும், 1987இல் வரையறுக்கப்பட்ட இவ்வுரிமைக்கும் இடையே பெரும் வேறுபாடு உண்டு. முன்னது தொழிலாளியை வேலையை விட்டு வெளியேறச் சொன்னது. பின்னது, வேலையில் இருந்துகொண்டே பேச இடமளித்தது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பின்வரும் முடிபுகள் பெறப்படுகின்றன.

இழப்பின் அச்சம் மட்டும் பாதுகாப்பான நடத்தையை உருவாக்கும் என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கோட்பாடு நடைமுறையில் மெய்ப்படவில்லை. வேலையின் வேகமும் அமைப்பும் ஆபத்தான செயலைக் கோரும் இடத்தில், விதிநூல் தடுப்பாக அமையாமல் பின்னர்க் குற்றம் சாட்டும் ஆவணமாகவே பயன்பட்டது.

‘கவனக்குறைவு’ எனக் குறிக்கப்பட்டவற்றுள் பெரும்பகுதி களைப்பு, பயிற்சியின்மை, அவசரம், காப்பற்ற பொறி ஆகியவற்றின் வெளிப்பாடே என்பதை ஈஸ்ட்மன், வெர்னன் ஆகியோரின் ஆய்வுகள் காட்டின. இவற்றைச் சீராக்கியபின் எஞ்சும் பழக்கங்களை ஊக்குவிப்பு முறையால் மாற்றலாம் என்பதை 1978ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. வரிசை முக்கியமானது. சூழலைச் சீராக்குவது முதற்படி. நடத்தையை வளர்ப்பது அதன்மேல் எழும் இரண்டாம் படி.

இழப்பீட்டுச் சட்டம் முதலாளியின் கணக்கை மாற்றியது. பாதுகாப்புக் குழு தொழிலாளியின் குரலுக்கு இடம் தந்தது. இவ்விரண்டும் கூடிய இடங்களிலேயே அறிவுரை செயலாயிற்று. தொழிற்சாலை வாயிலில் உள்ள பலகை தொழிலாளியிடம் சொல்வதோடு, தொழிலாளி சொல்வதைக் கேட்கும் ஏற்பாடும் உள்ளே இருக்கவேண்டும் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.